முகடு மொட்டையான வருஷம்

மார்ச் 9

மேட்டு நிலத்துக்காரிக்குப் பள்ளத்து நிலத்துக்காரி எழுதுவது.

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நலம் என்று எழுதுவாய், அதையும் நான் படித்துத் தொலைக்கவேண்டும். கூடப் பிறந்த அண்ணன் செத்துக் கிடந்தபோது வாசல்வரைகூட வராதவளுக்கு ஒரு வரி எழுதுவதில்லை என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். இப்போதும் நானாக எழுதவில்லை. ஒரு பெண் எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். உன் மகனின் தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் நீ "கேக்கல, கேக்கல" என்று சொல்லி வைத்துவிடலாம். காகிதத்தில் அந்த வித்தை பலிக்காது.

அந்தப் பெண் மண்ணில் உப்பு எங்கெங்கே ஏறியிருக்கிறது, இனி எந்த நிலத்தில் எத்தனை வருஷத்தில் ஏறும் என்று படம் போடுகிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தங்க இடம் இல்லாமல் என் பின்னறையில் இருக்கிறாள். வந்த அன்றைக்கே "பாட்டி" என்றாள். "உனக்கு நான் எந்த வழியில பாட்டி? உங்கப்பனை நானா பெத்தேன்?" என்றேன். "அப்ப என்னன்னு கூப்பிடறது?" என்றாள். "கூப்பிடாதே. எதிர்ல வந்து நில்லு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பாட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். நான் படக்காரி என்று கூப்பிடுகிறேன். சரிக்குச் சரி.

ஆமாம், பள்ளத்து வயலில் உப்பு பூத்துவிட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். வெயில் ஏற ஏற சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை. பயிர் விரல் நீளம் வந்து கருகிவிடுகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

படக்காரி சொல்வது இது. மரம் ஆழத்தில் வேர் விட்டு மழைத் தண்ணீரைக் குடித்துவிடுமாம். மரத்தை வெட்டிப் பயிர் வைத்தால் பயிர் மேலாகத்தான் குடிக்குமாம். மிச்சத் தண்ணீர் கீழே இறங்கி, பாதாளத்தில் கிடக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு, பல வருஷம் கழித்துப் பள்ளத்தில் மேலே வருமாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாளே என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், முடிச்சுப் போட்டவள் நீ.

உங்கள் மேட்டில் எப்போது மரம் வெட்டினார்கள் என்று கேட்டாள். கேட்க வேண்டுமா? மேற்குச் சரிவை வெட்டியது என் மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்ட கோடை, கோடாலிச் சத்தத்தில் பிள்ளை கண்மூடவில்லை. நடுச்சரிவை வெட்டியது அதற்கு அடுத்த கோடை, உன் வீட்டுக்காரர் ஒரு மரத்தை என் வேலிமேல் சாய்த்தார், கூட்டோடு மூன்று கோழி நசுங்கின. இன்றுவரை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் சொன்னேன். "பாட்டி, உங்க கோபம் எல்லாத்துக்கும் தேதி இருக்கு" என்று எழுதிக்கொண்டாள். இரண்டு நாள் கணிப்பொறியைத் தட்டினாள். மூன்றாம் நாள் என் எதிரில் வந்து நின்று, "ஒத்து வரலை" என்றாள்.

நிலத்தில் அங்கங்கே அவள் குழாய்கள் இறக்கியிருக்கிறாள். உள்ளே ஒரு நாடாவை விட்டால் தண்ணீரைத் தொட்டதும் கீ என்று கத்தும். "நீங்க சொல்ற வருஷத்துல வெட்டியிருந்தா தண்ணி இன்னும் நல்லா கீழே இருக்கணும். இவ்வளவு மேல வந்திருக்குன்னா அதுக்குப் பத்துப் பதினைஞ்சு வருஷம் முன்னாடியே எங்கேயோ மரம் போயிருக்கு" என்கிறாள். அந்தக் காலத்தில் வானத்திலிருந்து எடுத்த படம் இந்தப் பக்கத்துக்குக் கிடையாதாம்.

என் ஞாபகம் தப்பு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு குழாய் சொல்கிறது. உனக்குத் தெரிந்த வருஷத்தை எழுது. அது மட்டும் போதும். வேறு எதுவும் எழுதவேண்டாம்.

என் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். படிக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்லாதே.


மார்ச் 21

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. எழுத்து நன்றாகவே புரிந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நலமாக இருக்கிறேன். மகன் வீடு ஆறாவது மாடியில். எனக்கு ஒரு அறை. சன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் மழை ஒழுகிய கறை ஒன்று இருக்கிறது. மகனும் மருமகளும் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். மதியச் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போவார்கள். நல்ல பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் பேசவும் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்னை இவ்வளவு விவரமாக யாரும் திட்டி ரொம்ப நாளாயிற்று.

கோழி மூன்று அல்ல, இரண்டு. மூன்றாவதை அதற்கு முந்தின வாரமே நரி கொண்டுபோய்விட்டது. நீங்களே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நரியைச் சபித்தீர்கள், எனக்குக் கேட்டது. ஆனாலும் இரண்டு கோழிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும்.

நீங்கள் கேட்ட வருஷம் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். மரம் எல்லாவற்றையும் வெட்டியது நான்தான் என்று அந்தப் பெண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் ஊரே அப்படித்தானே சொல்கிறது. இன்னும் ஒரு காகிதத்தில் இருந்தால் என்ன ஆகிவிடும்.

கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுதுங்கள்.


மார்ச் 30

மேட்டு நிலத்துக்காரிக்கு,

எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நீ இரக்கப்படுகிறாயா? உன் இரக்கத்தைக் கொண்டுபோய் அந்தச் சுவருக்கு எதிரே வை. கணவனைப் பறிகொடுத்தவள் நான், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போனதைப் பார்த்தவள் நான். ஒரு வருஷத்தைக் கேட்டு விழுந்துவிடுவேனா?

நரி விஷயம் உண்மைதான். அது அதே வாரம். ஆனால் நரி கொண்டுபோனது சேவல். நன்றாக யோசித்துப் பார்.

கிணற்றைக் கேட்டாயே, கேட்டுக்கொள். இப்போது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. படக்காரி இரண்டு படம் காட்டினாள். ஒன்று இன்றைக்கு. பள்ளத்து வயலில் ஒரு மூலை மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் மஞ்சளும் பச்சையும். இன்னொன்று இப்படியே விட்டால் இருபது வருஷம் கழித்து. சிவப்பு வயலைத் தின்று, வேலியைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வீட்டுப் படிக்கட்டில் வந்து நிற்கிறது. யாரோ மேசையில் குழம்பைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனது போல. "இது நடந்தே தீருமா?" என்றேன். "நடக்கலாம். படம் ஜோசியம் இல்ல பாட்டி. ஆனா ஜோசியத்தை விடக் கொஞ்சம் நல்லா இருக்கும்" என்றாள்.

இதைத் தடுக்க மேலே மரம் நடவேண்டும். அவள் அலுவலகம் கன்றுகள் கொடுக்கும், ஆனால் இந்த வருஷம் ஒரு இடத்துக்குத்தான் இருக்கிறதாம். மழைக்கு முன் நட்டாகவேண்டும். எங்கே தண்ணீர் அதிகமாக உள்ளே இறங்குகிறதோ அங்கே நட்டால்தான் பலன். அது சரிவா, வேறு இடமா என்று தெரிய, எது முதலில் போனது என்று தெரியவேண்டும். தப்பான இடத்தில் நட்டால் கன்று வளரும், உப்பும் வளரும். இதற்குத்தான் வருஷம் கேட்டேன். உன் பெருந்தன்மையால் என் கிணறு உப்பாகும். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் என்கிறாயே, நீ சொல்கிற பொய்யை எழுதிக்கொண்டு தண்ணீர் அதன்படி நடக்குமா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. படக்காரி வரப்போகிறாள் என்று தெரிந்ததும் வெள்ளைத் திட்டின் மேல் நல்ல மண் நாலு வண்டி கொட்டி, பரப்பி, வைக்கோலும் போட்டு வைத்திருந்தேன். நம் வயலைச் சிவப்பு என்று யாரும் எழுதக்கூடாது என்று. அவள் ஆள் நீளக் குழாய் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மண்ணுக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அது சொல்லுமாம், உப்பு இருந்தால் குஷியாக ஓடுமாம். வைக்கோல் மேல் வந்ததும் நின்றாள். "பாட்டி, இங்க மேல புது மண்ணு போட்டீங்களா?" என்றாள். "காத்துல வந்திருக்கும்" என்றேன். "நாலு வண்டி காத்தா?" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அன்றைக்கு முகமே இல்லை.

எந்த வயல் என்று உனக்குத் தெரியும். அடுக்களைச் சன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற வயல். கல்யாணத்துக்கு முன் உன் அண்ணன் என்னிடம் "உனக்கு என்ன வேணும்?" என்றார். "சன்னலைத் திறந்தா பச்சை தெரியணும்" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னது. நான் வந்து சன்னலைத் திறந்தபோது எதிரே வயல், முழங்கால் உயரம் பயிர். தன் உழைப்பில் வாங்கினார். உங்கள் அப்பாவிடம் ஒரு பைசா கேட்கவில்லை. அப்படி ஒரு ஆள் வாங்கிய வயல் அது. அதைத்தான் நீ உப்பாக்கினாய்.

வருஷத்தை எழுது.


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

சேவல்தான். இப்போது ஞாபகம் வருகிறது.

சரி, எழுதுகிறேன். இதை நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நல்லபடியாகச் சொல்ல வழி தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் போனது சரிவு அல்ல, முகடு. நீங்கள் கல்யாணமாகி வந்ததற்கு முந்தின கோடை. நீங்கள் வந்தபோது அது மொட்டையாக இருந்தது. அண்ணன் உங்களிடம் அது பாறை, அங்கே மரமே பிடிக்காது என்று சொன்னார். நீங்கள் நம்பினீர்கள். அது பாறை அல்ல. பருமணல் கலந்த மண், தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் உள்ளே போய்விடும். அங்கே நின்ற மரங்களை இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். பகலில்கூட உள்ளே இருட்டாக இருக்கும். நான் அப்போது பாவாடைக்காரி. அங்கே தனியாகப் போகப் பயப்படுவேன்.

அந்தக் கோடையில் அப்பா நோயாகி நகரத்து மருத்துவமனையில் கிடந்தார். அம்மா துணைக்குப் போயிருந்தாள். அண்ணன் ஆட்களை வைத்து முகடு முழுவதையும் வெட்டி விற்றார். அடிக்கட்டைகளுக்கு அவரே தீ வைத்தார், மறுபடி துளிர்க்காமல் இருக்க. வேலை செய்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனது நான். அந்தப் பணத்தில்தான் பள்ளத்து வயலை வாங்கினார்.

உங்களுக்குப் பச்சை தெரியவேண்டும் என்றுதான். அதில் பொய் இல்லை. வயல் பத்திரம் வந்த அன்றைக்கு என்னைத் தூக்கிச் சுற்றினார். "யார்கிட்டயும் சொல்லாதே, உனக்கும் ஒரு நாள் வாங்கித் தரேன்" என்றார்.

அப்பா திரும்பி வந்து பார்த்தார். காட்டுத்தீ என்று அண்ணன் சொன்னார். பாகம் பிரித்தபோது அப்பா மொட்டை முகட்டையும் சரிவையும் சேர்த்து எனக்குக் கொடுத்தார். ஏன் என்று தனியாகக் கேட்டேன். "உங்கண்ணன் கிட்ட குடுத்தா மிச்சத்தையும் யாருக்காவது பூ வாங்கிக் குடுத்துடுவான்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மிச்சத்தை, அதாவது சரிவை, நாங்கள் வெட்டினோம். வேறு பிழைப்பு இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் முகட்டையும் சேர்த்து என் தலையில் கட்டினீர்கள். மரம்முழுங்கி என்று பெயர் வைத்தீர்கள். கடைத்தெருவில் குழந்தைகள் அப்படிக் கூப்பிட்டார்கள். என் மாமியார் வீட்டார்கூடக் கூப்பிட்டார்கள். நான் அண்ணனிடம் போனேன். ஒரே ஒரு தடவை அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். "சொன்னா அவ அந்த சன்னலைத் திறக்கவே மாட்டா. விட்டுடும்மா" என்றார். பிறகு நான் அவரோடு பேசவில்லை.

அவர் இறந்தபோது நான் வராதது உங்கள்மேல் இருந்த கோபத்தால் அல்ல. அவர்மேல் இருந்த கோபத்தால். போகாத கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி வந்து அழுவது? மற்றவர்கள் வருவார்கள், அழுவார்கள், அவர்களுக்கு முடியும். உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். புரிகிற ஒரே ஆள் நீங்களாகத்தான் இருக்கும்.


மே 6

உனக்கு,

படக்காரியிடம் வருஷத்தைச் சொன்னேன். முகடு என்று சொன்னேன். "யார் வெட்டினது?" என்றாள். "வீட்டாளு" என்றேன். மேலே கேட்கவில்லை, கெட்டிக்காரி. மறுபடி கணக்குப் போட்டாள். சாயங்காலம் வந்து, "பாட்டி, ஒத்து வந்துடுச்சு! குழாயில இருக்கிற தண்ணியும் கணக்குல வர்ற தண்ணியும் விரக்கடை வித்தியாசத்துல நிக்குது" என்று குதித்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பூதம் கிளம்பியதற்கு ஒருத்தி கை தட்டுகிறாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நீ எழுதியது பொய் என்று முதலில் நினைத்தேன். குழாய் ஒத்து வருகிறது. உன்னோடு சண்டை போடலாம், குழாயோடு எப்படிப் போடுவது?

நான் எதையும் மறக்காதவள் என்று எல்லோரும் சொல்வார்கள். என் ஞாபகம் எல்லாம் நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்துதான். அதற்கு முன்னால் ஒரு கோடை இருந்திருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை.

உன் அண்ணன் சொன்னது தப்பு. சன்னலை நான் மூடவில்லை. திறந்து வைத்துத்தான் திட்டுகிறேன். அவர் போன நாள் முதல் தினமும் அடுக்களை வேலை முடிந்ததும் அவரோடு நாலு வார்த்தை பேசுவேன். இன்றைக்கு என்ன விலை, யார் வந்தார்கள், உங்கள் தங்கையின் குத்தகைக்காரன் என்ன அநியாயம் செய்தான் என்று. இப்போது அதையும் நிறுத்திவிட்டேன். திட்டு மட்டும்தான். திட்டினால் பதில் சொல்கிற ஆளாக இருந்தால் பரவாயில்லை.

படக்காரி போன வாரம் கிளம்பிவிட்டாள். குழாய்கள் இருக்கின்றன, அவள் இல்லை. நாடாவை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள், மாதம் ஒருமுறை அளந்து சொல்லச் சொல்லி. நேற்று வேலை இல்லாமல் போய் விட்டுப் பார்த்தேன். கீ என்றது. வீட்டில் ஒரு குரல் கேட்டது போல இருந்தது. இன்னொரு தடவை விட்டேன்.

போவதற்கு முன் புதுப் படம் கொடுத்தாள். முகட்டில் நட்டால் சிவப்பு வயலோடு நின்றுவிடும், கிணற்றுக்கு வராது. அங்கே நடவேண்டும் என்கிறாள். முகடு யாருடையது என்று கேட்டாள். சொன்னேன். நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டுமாம். ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். சும்மா வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் எலி கடிக்கும்.

வெயில் அதிகம். மழை இந்த வருஷம் சீக்கிரம் வரும் என்கிறார்கள்.


மே 17

அண்ணிக்கு,

பாரம் வந்தது. எலி கடிக்கவில்லை.

மகனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இருபது வருஷம் கழிச்சு வரப்போற உப்புக்கு இப்ப நாம ஏம்மா முகட்டைக் குடுக்கணும்? குத்தகைக்காரர் போயிடுவார். நிலத்தை விக்கிறதும் கஷ்டம்" என்றான். தப்பாகச் சொல்லவில்லை. நானும் கணக்குப் பார்த்தேன். அந்த இரண்டாவது படத்தில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. உங்கள் பிள்ளைகளும் அங்கே இருக்கப்போவதில்லை. யாருமே இல்லாத ஒரு வருஷத்துக்காக நாம் இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெயில் இருக்கிறது, எலி இருக்கிறது, மழை இருக்கிறது. நீங்கள் கேட்டது எங்கே என்று தேடினேன். கேட்கவில்லை.

கேளுங்கள் அண்ணி.

உங்களைத் தலைகுனிய வைக்க அல்ல. சத்தியமாக இல்லை. இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. என்ன சமைக்கலாம் என்றுகூட இல்லை. எல்லாம் எனக்காக முடிவாகிவிடும், நல்லபடியாகவே முடிவாகிவிடும். மருந்து வேளைக்கு வரும், செருப்பு புதிது வரும். நான் சரி என்பேன். இல்லை என்று சொல்லக் கூடிய ஒரு கேள்வி என்னிடம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

பாரம் மேசையில் இருக்கிறது. மகன் அதை இரண்டு முறை அலமாரியில் எடுத்து வைத்தான். நான் இரண்டு முறையும் வெளியே எடுத்துவிட்டேன்.


மே 28

முகட்டுக்காரிக்கு,

பத்து நாள் ஆகிவிட்டது என்று யோசித்திருப்பாய். எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. பிள்ளைகளிடம்கூட நான் கேட்டதில்லை, அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், கொடுக்காவிட்டால் மனதில் வைத்துக்கொள்வேன். உன் அண்ணனிடம் ஒரே ஒரு தடவை ஒன்று கேட்டேன், அதுவும் விளையாட்டுக்கு. அது எங்கே போய் நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் கை வரவில்லை.

என் மகனிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். "இருபது வருஷம்தானேம்மா, அதுக்குள்ள வித்துட்டு வந்துடலாம்" என்றான். உன் மகனும் என் மகனும் ஒரே பள்ளியில் படித்தார்களோ என்னவோ.

நீ சொன்னது சரி, அந்தப் படத்தில் நாம் இல்லை. ஆனால் கிணறு இருக்கிறது. வீட்டை யாராவது வாங்கியிருப்பார்கள். எவளோ ஒருத்தி வந்த முதல் நாள் வாளியை உள்ளே விட்டு, இழுத்து, ஒரு வாய் குடிப்பாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாது. என்னோடு ஒத்துப் போகாதவளாகத்தான் இருப்பாள். அவள் துப்பக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். யோசித்து யோசித்துப் பார்த்தேன், வேறு காரணம் கிடைக்கவில்லை.

முகட்டைக் கொடு. மரம் நடக் கேட்கிறேன். நான் கேட்கிறேன், படக்காரி அல்ல, அலுவலகம் அல்ல.

இல்லை என்றும் சொல்லலாம். சொன்னால் நான் எவ்வளவு காலம் அதை வைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே சொல்.

மரம்முழுங்கி என்ற அந்தப் பெயரை வைத்தது நான். கடைத்தெருவில் எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள். நான்கு பேரிடமும் போய், முகட்டை வெட்டியது என் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது.


ஜூன் 8

அண்ணிக்கு,

கையெழுத்துப் போட்டு, அலுவலகத்துக்கு நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தபால் நிலையத்துக்குத் தனியாகப் போனேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஆறு மாடியும் இறங்கி, ஆறு மாடியும் ஏறினேன்.

உங்கள் கடிதம் வந்ததும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. மூன்று நாள் இல்லை என்று வைத்திருந்தேன். நன்றாக இருந்தது. பிறகு போட்டேன்.

மகன் என்னோடு பேசுவதில்லை. கோபம் என்றுகூடச் சொல்லமுடியாது, சத்தமில்லாமல் இருக்கிறான். மருமகள் மேசையில் சாப்பாட்டை மூடி வைக்கிறாள், மூடியைக் கொஞ்சம் பலமாக வைக்கிறாள். முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இப்போது காரணம் என்னுடையது.

நான் அங்கே வரமுடியாது. அந்த ஆறு மாடிக்குப் பிறகு முட்டி ஒத்துழைக்காது, வண்டியில் கூட்டி வருகிறவனும் இப்போது பேசுவதில்லை. நீங்கள் மேலே ஏறுவீர்களா என்று தெரியவில்லை. ஏற முடிந்தால் நடுகிற அன்றைக்கு ஏறுங்கள். நீங்கள் அந்த முகட்டில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன், சரிவோடு நின்றுவிடுவீர்கள். முதல் குழியை எங்கே தோண்டுகிறார்கள், எவ்வளவு ஆழம், எந்தக் கன்று, யார் நட்டார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

எங்கே தோண்டியிருந்தாலும் அந்த இடம் தப்பு என்று நான் பதில் எழுதுகிறேன்.